யோவான் ஒன்பதாம் அதிகாரமும் மூலத்தில் இல்லாத ஒரு வினைமுற்றும்

பார்வையற்ற குழந்தை பிறந்த கிறித்தவ வீட்டிற்கு ஆறுதல் சொல்ல வருபவர்கள் பெரும்பாலும் யோவான் நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரத்தோடு வருகிறார்கள். பிறவியிலேயே பார்வையற்ற ஒருவனைக் கண்ட சீடர்கள், இது யார் செய்த பாவம், இவனுடையதா, பெற்றோருடையதா என்று கேட்கிறார்கள். இருவருடையதும் அன்று என்கிறார் இயேசு. இதைக் கேட்கும் தாய்க்கு ஒரு பாரம் இறங்குகிறது. கருவுற்ற நாள் முதல் தான் செய்தவை, செய்யாதவை எல்லாவற்றையும் எண்ணி எண்ணித் தன்னையே விசாரித்துக்கொண்டிருந்தவள் அவள். ஆனால் வாசிப்பு அங்கே நிற்பதில்லை. கடவுளின் செயல்கள் வெளிப்படுவதற்காகவே அவன் அவ்வாறு பிறந்தான் என்ற அடுத்த பாதியும் வாசிக்கப்படுகிறது. இறங்கிய பாரம் வேறு வடிவில் திரும்பி ஏறுகிறது. கடவுள் தம் செயலைக் காட்டுவதற்கு ஒரு பச்சைக் குழந்தையின் கண்கள்தாமா வேண்டியிருந்தன? இந்தக் கேள்வியை அவள் வாய்விட்டுக் கேட்பதில்லை. கேட்டால் அது அவிசுவாசம் எனப்படும் என்று அவளுக்குத் தெரியும்.

துன்பத்தைக் கடவுள் ஏன் அனுமதிக்கிறார் என்ற கேள்விக்குக் கிறித்தவம் தரும் விடை எது என்பதைப் பற்றி நூலகங்கள் நிறைய எழுதப்பட்டிருக்கின்றன. அந்த விடை சாதாரண விசுவாசியின் வீட்டுக்குள் வந்து சேர்வதோ இத்தகைய ஓரிரு வசனங்களின் வழியாகத்தான். ஆகவே வசனத்தின் இலக்கணத்தைப் பார்ப்பது வெறும் புலமை விளையாட்டு அன்று.

1871ஆம் ஆண்டின் பவர் மொழிபெயர்ப்பில் இந்த வாக்கியம் 'பிறந்தான்' என்ற வினைமுற்றோடு முடிகிறது. யோவான் 9:3இன் கிரேக்க மூலத்தில் அந்த வினைமுற்று இல்லை. அங்கே இருப்பது, இவனும் பாவம் செய்யவில்லை, இவன் பெற்றோரும் செய்யவில்லை என்ற மறுப்பு. அதன்பின் 'ஆனால்' என்ற இணைப்பு. அதன்பின் 'ஹினா' என்ற இடைச்சொல்லோடு தொடங்கும் ஒரு சார்பு வாக்கியம், 'கடவுளின் செயல்கள் இவனில் வெளிப்பட' என்ற அளவில். தலைமை வினை எங்கே? மொழிபெயர்ப்பாளர்கள் அதை முன் வசனத்திலிருந்து, சீடர்களின் கேள்வியிலிருந்து, கொண்டுவந்து பொருத்தினார்கள். தமிழ்க்காரர்கள் மட்டும் செய்த காரியம் அன்று இது. ஆங்கில மொழிபெயர்ப்புகள் பலவும் இப்படியொரு வினையைச் சேர்த்தே வாக்கியத்தை நிறைவு செய்கின்றன. மூலத்தின் குறைத்தொடரைக் குறைத்தொடராகவே விட்ட ஜேம்ஸ் மன்னர் பதிப்பு இந்த ஒரு விஷயத்தில் நேர்மையானது.

'ஹினா' நோக்கத்தைக் குறிக்கும் சொல் என்றே தொடக்கநிலைக் கிரேக்கப் பாடநூல்கள் கற்பிக்கின்றன. தமிழில் 'பொருட்டு'. ஆனால் புதிய ஏற்பாட்டுக் காலத்துக் கிரேக்கத்தில் அதன் எல்லை விரிந்துவிட்டது. நோக்கத்தையும் குறிக்கும், விளைவையும் குறிக்கும், சில இடங்களில் ஏவலுக்கும் வரும். இதற்குத் தொலைவில் சான்று தேட வேண்டியதில்லை. முன் வசனத்தில் சீடர்கள் கேட்கும் கேள்வியிலேயே அதே 'ஹினா' இருக்கிறது: இவன் குருடனாகப் பிறக்கும்படி யார் பாவம் செய்தார்? தன் பிள்ளை குருடாகப் பிறக்க வேண்டும் என்ற நோக்கத்தோடு எந்தத் தகப்பனும் பாவம் செய்வதில்லை. அங்கே அது விளைவு. தமிழ் மொழிபெயர்ப்பும் இதை உணர்ந்திருக்கிறது. இரண்டாம் வசனத்தில் 'பொருட்டு' வரவில்லை. மூன்றாம் வசனத்தில் மட்டும் வருகிறது. ஒரே சொல், அடுத்தடுத்த இரண்டு வாக்கியங்கள், இரண்டு தீர்மானங்கள். முதலாவது சீடர்களைப் பற்றியது. இரண்டாவது கடவுளைப் பற்றியது.

இன்னொரு வாசிப்பும் உண்டு. பழைய கிரேக்கக் கையெழுத்துப் படிகளில் இன்றைய நிறுத்தக்குறி முறை இல்லை. முற்றுப்புள்ளி எங்கே என்பது பதிப்பாசிரியரின் முடிவு. மறுப்போடு புள்ளி வைத்துவிட்டு, 'ஹினா' வாக்கியத்தை அடுத்த வசனத்தோடு சேர்த்தால் பொருள் முற்றிலும் மாறுகிறது: இவனும் பாவம் செய்யவில்லை, இவன் பெற்றோரும் செய்யவில்லை. ஆனால் கடவுளின் செயல்கள் இவனில் வெளிப்படும்படி, பகல் இருக்கும்போதே அவருடைய வேலையைச் செய்தாக வேண்டும். 1996இல் ஜான் போரியர் இந்த நிறுத்தக்குறிக்காக ஒரு கட்டுரையில் வாதாடினார். இவ்வாறு வாசித்தால், பிறவிக் குருட்டுக்குக் காரணமும் சொல்லப்படவில்லை, நோக்கமும் சொல்லப்படவில்லை. நோக்கம் என்பது செய்ய வேண்டிய வேலைக்கு உரியது. நிகழ்ந்துவிட்ட துன்பத்துக்கு உரியது அன்று.

எதிர்வாதம் வலுவானது, அதை மறைப்பதற்கில்லை. 'ஆனால்' என்பதை அடுத்து 'ஹினா' வந்து, தலைமை வினை தொக்கி நிற்பது யோவானின் நடைக்கு இயல்பு. முதல் அதிகாரத்தின் எட்டாம் வசனத்தில், யோவான் ஸ்நானகன் ஒளி அன்று என்று சொன்ன கையோடு இதே அமைப்பு வருகிறது. அங்கே 'வந்தான்' என்று நாமே நிரப்பிக்கொள்கிறோம். பதினோராம் அதிகாரத்தில் லாசருவின் நோயும் கடவுளின் மகிமைக்கானது என்று சொல்லப்படுகிறது. ஆகவே மரபான வாசிப்பைப் பிழை என்று தள்ளிவிட முடியாது. எனினும் தொக்கி நிற்கும் வினையாகப் 'பிறந்தான்' என்பதையே கொள்ள வேண்டும் என்று எந்த இலக்கணமும் கட்டாயப்படுத்தவில்லை. நான்கு சொற்கள் குறைந்த ஒரு வாக்கியத்தின்மேல் கடவுளின் குணம் பற்றிய அவ்வளவு பெரிய கோட்பாட்டை ஏற்றுவதற்கு முன் கொஞ்சம் தயங்க வேண்டாமா? லாசருவின் நோய் பற்றிய அந்தச் சொற்களும் தொலைவிலிருந்து சொல்லப்பட்டவை. கல்லறைக்குப் போகும் வழியில் மரியாள் காலில் விழுந்து அழும்போது இயேசு அவளிடம் அந்த விளக்கத்தைத் திரும்பச் சொல்லவில்லை. எங்கே வைத்தீர்கள் என்று கேட்கிறார், அழுகிறார்.

சீடர்கள் 'எதனால்' என்று கேட்டார்கள், இயேசு அதை 'எதற்காக' என்று மாற்றினார் என்பது பிரசங்கங்களில் அடிக்கடி கேட்கப்படும் நயம். மூன்றாம் வேற்றுமையிலிருந்து நான்காம் வேற்றுமைக்கு. தமிழின் 'ஏன்' இரண்டையும் தன்னுள் அடக்கிக்கொண்டிருப்பதால் இந்த நயம் தமிழில் நன்றாகவே எடுபடுகிறது. கேட்க இனிமையானதுதான். ஆனால் துன்புறுபவரின் இடத்திலிருந்து பார்த்தால் இதனால் கிடைத்த ஆதாயம் என்ன? 'எதனால்' என்ற கேள்விக்குப் பாவம் என்று விடை சொன்னால் குற்றவாளி மனிதன். 'எதற்காக' என்ற கேள்விக்குக் கடவுளின் மகிமை என்று விடை சொன்னால் மனிதன் குற்றவாளி அல்லன், கருவி. பின்னால் கிடந்த காரணம் முன்னால் நகர்த்தி வைக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவே. ஊழ்வினை என்று சொல்லி அடுத்தவர் துயரத்தைக் கடந்துபோகிறவர்களைக் கண்டித்தே தமிழ்க் கிறித்தவப் பிரசங்க மரபின் ஒரு பகுதி வளர்ந்தது. அதே மரபு இழவு வீட்டில் 'தேவசித்தம்' என்ற சொல்லை வைக்கும் இடம், ஊழ் என்ற சொல் வைக்கப்பட்ட அதே இடம். (வினைக்கோட்பாட்டின் தத்துவ நுட்பங்களை இங்கே ஒப்பிடவில்லை, இழவு வீட்டில் அச்சொல் செய்யும் வேலையை மட்டுமே.)

தத்துவத் துறையின் விடைகள் இங்கே எவ்வளவு தூரம் உதவும்? எல்லாம் வல்ல, முழுவதும் நல்ல கடவுளும் தீமையும் சேர்ந்திருக்க முடியாது, அது தர்க்க முரண் என்று ஜே. எல். மக்கி 1955இல் வாதிட்டார். அதற்கு ஆல்வின் பிளான்டிங்கா 1974இல் சுதந்திரச் சித்தத்தை முன்வைத்து எழுதிய மறுப்பு, தர்க்க முரண் என்ற அளவில் அந்தக் குற்றச்சாட்டைப் பெரிதும் தளர்த்திவிட்டது என்பதை நாத்திகத் தத்துவவாதிகளிலும் பலர் ஒப்புக்கொள்கிறார்கள். துன்பம் ஆன்மாவைப் பக்குவப்படுத்தும் களம் என்று ஜான் ஹிக் 1966இல் எழுதியது வேறொரு பாதை. வகுப்பறையில் இவற்றுக்கு மதிப்பு உண்டு. ஆனால் பிறவிக் குருடு யாருடைய சுதந்திரச் செயலும் அன்று. பக்குவப்பட வாய்ப்பில்லாமல் மூன்று நாளில் இறந்துபோகும் சிசுவுக்கு ஹிக்கின் களம் இந்த உலகில் அமைவதில்லை. துன்பத்தில் இருப்பவருக்குத் தன் வாதம் ஆறுதலாக எழுதப்பட்டதன்று என்பதைப் பிளான்டிங்கா தாமே தெளிவுபடுத்தியிருக்கிறார். அவருடைய மாணவர்கள்தாம் சில வேளைகளில் அதை மறந்துவிடுகிறார்கள்.

சி. எஸ். லூயிசின் இரண்டு நூல்களை அருகருகே வைத்துப் பார்ப்பது பயன் தரும். 1940இல் அவர் வலியைப் பற்றி எழுதிய நூல் வலியின் பயனை விளக்குகிறது. விளக்கம் தெளிவானது, கச்சிதமானது. 1960இல் அவருடைய மனைவி புற்றுநோயால் இறந்தார். அடுத்த ஆண்டு புனைபெயரில் வெளியான துயரக் குறிப்புகளில் அந்தத் தெளிவு இல்லை. கதவைத் தட்டுகிறவனின் ஆத்திரம் இருக்கிறது. இரண்டாவது நூல் முதலாவதை மறுக்கிறதா என்று ஆய்வேடுகள் விவாதிக்கின்றன. மொழியியல் மாணவர் ஒருவருக்கு முதலில் கண்ணில் படுவது அதைவிட எளிய செய்தி: முதல் நூல் பெரும்பாலும் படர்க்கையில் பேசுகிறது, இரண்டாவது தன்மையில்.

விவிலியத்திலும் இந்த வேறுபாடு சீராகவே கடைப்பிடிக்கப்படுகிறது. துன்பத்துக்கு நோக்கம் கற்பிக்கும் இடங்கள் அங்கே இல்லாமல் இல்லை. சகோதரர்களால் விற்கப்பட்ட யோசேப்பு, அவர்கள் தீமையாக எண்ணியதைக் கடவுள் நன்மையாக எண்ணினார் என்று ஆதியாகமத்தின் கடைசி அதிகாரத்தில் சொல்கிறான். சொல்பவன் குழியில் கிடந்தவன், சிறையில் இருந்தவன். ஆண்டுகள் பல கழிந்தபின் தன் வாழ்க்கையைப் பற்றிச் சொல்கிறான். பவுல் தன் உடலில் உள்ள முள்ளைப் பற்றிக் கொரிந்தியருக்கு எழுதும்போது, தான் தற்பெருமை கொள்ளாதபடிக்கு அது கொடுக்கப்பட்டது என்கிறார். அந்த ஒரே வசனத்தின் கிரேக்கத்தில் நோக்கத்தைக் குறிக்கும் அதே 'ஹினா' மீண்டும் மீண்டும் வருகிறது. முள் அவருடையது, ஆகவே விளக்கமும் அவருடையது. அதுவும், அதை அகற்றும்படி மூன்று முறை வேண்டிக்கொண்ட பிறகு கிடைத்தது.

இதே கூற்றை முன்னிலைக்கு மாற்றிப் பார்த்தால் யோபுவின் நண்பர்கள் வந்து நிற்கிறார்கள். ஏழு நாள் அவனோடு தரையில் வாய் திறவாமல் அமர்ந்திருந்ததே அவர்கள் செய்த நல்ல காரியம். பேசத் தொடங்கியதும் அவர்கள் சொன்னவற்றில் பெரும்பகுதி மரபுக்கு ஒத்த இறையியல்தான். தனியே எடுத்து வாசித்தால் நீதிமொழிகள் நூலில் சேர்த்துவிடலாம் போன்ற வாக்கியங்கள். கடவுள் நீதியுள்ளவர், தண்டனை திருத்துவதற்காக, மனம் திரும்பினால் மீளலாம். 42ஆம் அதிகாரத்தில் கடவுள் எலிப்பாசிடம் சினம் கொள்கிறார்; அவர்கள் தம்மைப் பற்றிச் சரியாகப் பேசவில்லை, யோபு பேசினான் என்கிறார். யோபு பேசியது என்ன? பிறந்த நாளைச் சபித்தான், கடவுளை வழக்குக்கு அழைத்தான். அவனுக்கும் காரணம் சொல்லப்படவில்லை. முதல் இரண்டு அதிகாரங்களின் விண்ணுலக உரையாடல் வாசகனுக்குத் தெரியும், யோபுவுக்குக் கடைசிவரை தெரியாது. முடிவில் அவனுக்கு வேறு பத்துப் பிள்ளைகள் பிறக்கிறார்கள். இறந்த பத்துப் பேர் திரும்பி வருவதில்லை. இதை மகிழ்ச்சியான முடிவு என்று பிரசங்கிப்பவர்கள் பிள்ளையைப் பறிகொடுத்த எவரோடும் ஒரு மாலைப் பொழுதைக் கழித்திருக்க மாட்டார்கள்.

யோவான் ஒன்பதாம் அதிகாரமும் இந்த இலக்கணத்துக்கு வெளியே இல்லை. தொடக்கத்தில் பார்வையற்றவன் படர்க்கை. அவன் எட்டும் தூரத்தில் இருக்கும்போதே சீடர்கள் அவனைக் குறித்து விவாதிக்கிறார்கள். அவனிடம் எதுவும் கேட்கப்படவில்லை. பார்வை பெற்றபின் அவன் தன்மையில் பேசத் தொடங்குகிறான். விசாரணை செய்யும் பரிசேயர்கள் இறையியல் முடிவு ஒன்றை அவன் வாயிலிருந்து பெற முயல்கிறார்கள். அவனோ தனக்குத் தெரிந்தது ஒன்றே என்கிறான்: குருடனாக இருந்தேன், இப்போது பார்க்கிறேன். பொறுமையிழந்த அவர்கள் 34ஆம் வசனத்தில் முன்னிலைக்கு மாறுகிறார்கள். நீ முழுவதும் பாவத்தில் பிறந்தவன் என்று சொல்லி அவனை வெளியே தள்ளுகிறார்கள். சீடர்கள் தொடக்கத்தில் கேள்வியாக வைத்தது, அதிகாரத்தின் முடிவில் தீர்ப்பாகத் திரும்பி வருகிறது. அடுத்த வசனத்தில் இயேசு, அவன் தள்ளப்பட்டதைக் கேள்விப்பட்டு அவனைத் தேடிக் கண்டுபிடிக்கிறார். துன்பத்துக்கு இந்த அதிகாரம் தரும் விடை ஏதேனும் உண்டென்றால் அது மூன்றாம் வசனத்தில் இருப்பதைவிட இங்கே அதிகமாக இருக்கிறது.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். நோக்கத்தைச் சொல்லக் கூடாது என்றால் கிறித்தவ நம்பிக்கைக்கு மிஞ்சுவது என்ன? எல்லாம் நன்மைக்கு ஏதுவாக நடக்கும் என்று உரோமையர் எட்டாம் அதிகாரத்தில் பவுல் எழுதவில்லையா? எழுதியிருக்கிறார். அதற்குச் சில வசனங்களுக்கு முன், படைப்பு முழுவதும் பிரசவ வேதனையில் முனகுகிறது, எதை வேண்டுவது என்றே நமக்குத் தெரியவில்லை, ஆவியானவரும் சொல்லில் அடங்காத பெருமூச்சுகளோடு பரிந்து பேசுகிறார் என்றும் எழுதியிருக்கிறார். அந்த நன்மை பற்றிய வாக்கியம், சொல் தோற்றுப்போன இந்தப் பெருமூச்சுக்குப் பின் வருவது. முனகலைத் தாண்டிக் குதித்து நேரே நன்மைக்குப் போவதற்குப் பவுல் அனுமதி தரவில்லை.

கிறித்தவ நம்பிக்கையின் மையத்திலேயே நோக்கத்தைத் தேடும் ஒரு கேள்வி விடையின்றி நிற்கிறது. சிலுவையில் இயேசு எழுப்பிய கூக்குரலைத் தமிழ் மொழிபெயர்ப்பு 'ஏன்' என்று தருகிறது. மத்தேயு 27:46இன் கிரேக்கச் சொல் 'ஹினாதி'. 'ஹினா' என்ற அதே நோக்க இடைச்சொல்லோடு 'எது' என்ற வினாச்சொல் சேர்ந்தது. எது நிகழும்பொருட்டு, எதற்காக. மாற்கு பயன்படுத்தும் தொடரும் சொல்லுக்குச் சொல் 'எதை நோக்கி' என்பதே. பரிசேயரும் சீடரும் பிரசங்கியாரும் இவ்வளவு எளிதாக நிரப்பும் அந்த இடத்தை, கிறித்தவர்கள் கடவுளின் மகன் என்று வணங்குபவர் கேள்வியாகவே விட்டு உயிர்விடுகிறார். வானத்திலிருந்து பதில் வந்ததாக எந்த நற்செய்தியாளரும் எழுதவில்லை. இரண்டாம் உலகப் போரின் கைதிமுகாம்களில் விசுவாசத்துக்கு வந்த யூர்கன் மோல்ட்மன் 1972இல் சிலுவையில் அறையப்பட்ட கடவுளைப் பற்றி எழுதியதற்கு இந்த மௌனமே அடிப்படை. உயிர்த்தெழுதல் அந்தக் கேள்விக்கு விளக்கம் தரவில்லை. கேட்டவரைத் திரும்பத் தருகிறது.

இனி நான்காம் வசனம். பகல் இருக்கும்போதே வேலை செய்தாக வேண்டும் என்பது விளக்கவுரைகளில் சுருக்கமாகவே கடந்துபோகப்படுகிறது. இந்தியாவில் அதைச் சுருக்கமாகக் கடக்காதவர்களும் இருந்தார்கள். 1887இல் ஆனி ஷார்ப் என்ற மறைப்பணியாளர் அமிர்தசரசில் பார்வையற்றோருக்காக இந்நாட்டின் முதல் பள்ளியைத் தொடங்கினார்; பின்னர் அது டேராடூனுக்கு அருகே உள்ள ராஜ்பூருக்கு இடம்பெயர்ந்தது. தெற்கே பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் தொடங்கிய பள்ளியும் ஏறத்தாழ அந்தத் தலைமுறையைச் சேர்ந்ததுதான். இவர்கள் மதமாற்ற நோக்கம் இல்லாதவர்கள் என்றோ, காலனிய மனப்போக்குக்கு அப்பாற்பட்டவர்கள் என்றோ சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பிறவிக் குருட்டின் நோக்கம் என்ன என்ற கேள்வியோடு உட்கார்ந்திருக்கவில்லை. விரல்நுனியால் எழுத்தைப் படிக்கக் கற்றுக்கொடுத்தார்கள்.

மாற்றுத்திறன் ஆய்வுத் துறையினர் இங்கே சரியாகவே குறுக்கிடுவார்கள்: பார்வையற்றவர் மற்றவர்களின் நற்செயலுக்கான களமாக மட்டும் நிற்கிறார் என்றால், அவர் கடவுளின் கருவி என்ற நிலையிலிருந்து தொண்டரின் கருவி என்ற நிலைக்குத்தானே மாறியிருக்கிறார்?

பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் அந்த வேலையைச் செய்ய வேண்டியவர் ஒருமை, 'நான்'. அது பிற்காலப் படிகளைப் பின்பற்றியது. மிகப் பழைய பாப்பிரசுப் படிகளிலும் 4ஆம் நூற்றாண்டின் வத்திக்கான் படியிலும் இருப்பது தன்மைப் பன்மை. கிரேக்கத்துக்கு அது ஒரே சொல். தமிழுக்கு அது போதாது. 'நாங்கள்' என்றால் இயேசுவும் சீடர்களும் மட்டும், கேட்டுக்கொண்டிருக்கும் பார்வையற்றவன் வெளியே. 'நாம்' என்றால் அவனும் உள்ளே. மொழிபெயர்ப்பாளர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும். மூல மொழி அவருக்கு உதவாது. உதவுவது அடுத்து நடக்கும் நிகழ்ச்சி ஒன்றுதான். இயேசு தரையில் உமிழ்ந்து சேறு குழைத்து அவன் கண்களில் பூசுகிறார். பார்வை உடனே வருவதில்லை. சீலோவாம் குளத்துக்குப் போய்க் கழுவு என்கிறார். கையைப் பிடித்து யாராவது அழைத்துச் சென்றதாக யோவான் எழுதவில்லை. கண்ணில் சேற்றோடு, அன்றுவரை கண்டிராத எருசலேம் தெருக்களின் வழியே, அவன் போகிறான், கழுவுகிறான், பார்வையோடு திரும்பி வருகிறான்.